பலெர்மோவின் ப, பொலோஞாவின் ப

“பொலோஞாவா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ஸி, பொலோஞா” என்று தலையாட்டினேன்.

நடந்தது அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு தலையாட்டல். அவள் திரும்பி உள்ளே போனாள். செருப்புச் சத்தம் கல்தரையில் தேய்ந்து தேய்ந்து தூரமாயிற்று. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் நான் மட்டும் நின்றேன். உயரமான ஜன்னல். வெளியே மூன்று சக்கர வண்டியில் ஒருவன் ஒலிபெருக்கி வைத்துப் பூண்டு விற்றுக்கொண்டு போனான். உள்ளே பழைய தாளின் மணம். மழையில் நனைந்து காய்ந்த சாக்கு, கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் எலி. அந்த மணத்துக்கு இத்தனை வருடங்களில் இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

அவள் மறைந்த பிறகுதான் உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த பஸ் டிக்கெட்டை விரித்துப் பார்த்தேன். அதன் முதுகில் என் கையெழுத்தில், தமிழில், ஒரே ஒரு சொல்: பாதரி.

நான் சொல்லியிருக்க வேண்டியது பொலோஞா இல்லை. பலெர்மோ.

ஊர்களால் ஆன பெயர்கள்

இத்தாலியில் பெயரை எழுத்துக் கூட்டுவது ஊர் ஊராகத்தான். தொலைபேசியில், வங்கியில், மருந்துக்கடையில், எங்கும். N என்றால் நாப்போலியின் N. L என்றால் லிவோர்னோவின் L. ஒருவன் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாட்டின் பாதியைச் சுற்றி வந்துவிடுவான்.

என் குடும்பப் பெயர் என்று இந்த நாடு வைத்திருப்பது ‘வேலன்’. வெனேட்சியா, எம்போலி, லிவோர்னோ, அங்கோனா, நாப்போலி. இவற்றில் ஓர் ஊரிலும் நான் இறங்கியதில்லை. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் போய் வருவேன்.

P பலெர்மோவுடையது. B பொலோஞாவுடையது. இத்தாலியக் காதுக்கு இவை இரண்டும் இரண்டு கதவுகள். தமிழில் இரண்டுக்கும் ஒரே கதவு. பலாப்பழமும் ப, பஸ்ஸும் ப. எது உதட்டில் வெடிக்கும் ப, எது தொண்டையில் உருளும் ப என்பது தெரிந்த சொல்லென்றால் வாய்க்குத் தானாகப் புரியும். தெரியாத சொல்லென்றால் பூவா தலையா தான்.

அன்று என் வாய்க்குத் தலை விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்பதற்குப் பின்னால் என் மனைவி இருக்கிறாள்.

பாதிரியார்

பலெர்மோ நகரின் லிபெர்த்தா பகுதியில், மரங்கள் வரிசையாக நிற்கும் தெருவொன்றில், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் காப்பவன் நான். வாசலோடு ஒட்டிய இரண்டு அறை வீடு எங்களுக்கு. படிக்கட்டுத் துடைப்பது, கடிதம் பிரிப்பது, லிஃப்ட் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திட்டு வாங்குவது என் வேலை. மிச்ச நேரத்தில் எழுதுகிறேன். அல்லது மிச்ச நேரத்தில் துடைக்கிறேன். எது எதன் மிச்சம் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கே இதற்குள் சந்தேகம் வந்திருக்கும்.

மூன்றாம் மாடியில் சிஞ்ஞோர் குவீதோ பாதரி. ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். அவரோடு அவருடைய தங்கை எல்வீரா. இரண்டு பேரும் கல்யாணம் கட்டாதவர்கள். அவர்களோடு அந்தப் பெயர் முடிகிறது.

நான் தமிழில் ‘பாதரி’ என்று எழுதி வைத்ததை முதல்முறை பார்த்த நாளிலிருந்து என் மனைவி சாந்தி அவரைப் பாதிரியார் ஆக்கிவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, உங்கட பாதிரியார் கூப்பிடுறார்.”

“அவர் கோயில் பக்கமே போறேல்லை. ஆரும் கேட்டால் கோவிப்பினம்.”

“ஆருக்கு விளங்கப்போகுது? போங்கோ, போய்ப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

வேடிக்கை என்னவென்றால், பாதிரியார் என்ற சொல்லே இந்தப் பக்கத்து ‘பாத்ரே’தான். கப்பலேறி நம்மிடம் வந்து, வேட்டி கட்டி, திரும்பி வந்து சாந்தியின் வாயில் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே காப்பகத்தில் அந்தப் புதிய பெண் குடும்பப் பெயர் கேட்டபோது என் நாக்கு நுனியில் நின்றது பாதிரிதான். அது மட்டும் வெளியே வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். பாதிரி என்று வாய் தவறக் கூடாதே என்ற பயத்தில் வாய் வேறு பக்கம் தவறியது. “பாதரி” என்றேன், பஸ்ஸின் ப போட்டு. அவள் பொலோஞாவா என்றாள். பதறியவன் எதற்கும் ஆமாம் போடுவான். போட்டேன்.

ஒரு ஊர் வேண்டும்

சிஞ்ஞோர் குவீதோவின் சாப்பாட்டு அறையில் ஜெர்மனியின் பெரிய வரைபடம் ஒன்று தொங்குகிறது. நதிகள் நீல நூலாய் ஓடும். படம் முழுக்கக் குண்டூசி குத்திய பொத்தல்கள். குத்திப் பிடுங்கி, குத்திப் பிடுங்கி, பின்னால் விளக்குப் போட்டால் விண்மீன் தெரியும்.

கதை இதுதான். அவருடைய தாத்தாவின் தாத்தா குல்யேல்மோ பாதரி. பல்லரோ சந்தைக்கு அருகே குடியிருந்தவர். அவருடைய கல்யாணப் பதிவு இருக்கிறது. அதில் தகப்பன் பெயர் தெளிவில்லை. ‘ஜெர்மன்காரர், காலமானவர்’ என்பது மட்டும் தெளிவு. தாய் ரொசாலியா. மன்னர் காலத்துக் கூலிப்படையோடு கப்பலில் வந்து இறங்கிய ஏதோ ஒரு ஜெர்மன்காரர், இந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டி, இங்கேயே மண்ணாகியிருக்கிறார். அவர் யார், எந்த ஊர்?

குல்யேல்மோவின் பிறப்புப் பதிவு கிடைத்தால் தெரிந்துவிடும். அது கிடைக்கவில்லை. Pயில் தொடங்கும் எல்லாக் கட்டுகளையும் இருவருமாக உட்கார்ந்து புரட்டினோம். பாத்தாரி, பாதெரி, பத்தாரோ, பாதர். ஒரே பெயர் குளிருக்கு வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது போலப் பலர் வந்தார்கள். ஒருவரும் நம்மவரில்லை.

ஜெர்மனியில் உள்ள தேவாலயங்களுக்கு எழுதினார். ஓர் ஊரிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: “பாதர் என்று நாங்கள் அழைப்பது சாமியாரை. அவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.” சாந்தியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“B எழுத்திலும் பார்க்கலாமே” என்று முன்னொரு ஆராய்ச்சியாளர் சொன்னாராம். சிஞ்ஞோர் குவீதோவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய அப்பா வாழ்நாள் முழுக்கத் தொலைபேசியில் “P, பலெர்மோவின் P” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர். “நான் பலெர்மோக்காரன். பொலோஞாக்காரன் இல்லை” என்று அந்த மனிதரை அனுப்பிவிட்டார்.

அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. “ஒரு ஊரின் பெயர் வேண்டும், வெலான்” என்பார். இத்தாலிக்காரர் வாயில் நான் வெலான். “முழங்கால் என்னைக் கைவிடுவதற்கு முன்னால் அங்கே போய் இறங்க வேண்டும். சதுக்கத்தில் குழாய் இருக்கும். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். யாரோடும் பேசக்கூட வேண்டாம்.”

இந்த வருடம் அந்த ஆசைக்கு ஒரு கெடு வந்து சேர்ந்தது. கட்டடத்துக்காரர்கள் வாசலில் இருக்கும் அழைப்பு மணிப் பலகையை மாற்றத் தீர்மானித்தார்கள். பழைய பித்தளை போய்ப் புதிய பலகை. ஒவ்வொரு மணிக்கும் எதிரே என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும். சேகரித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

“என் பெயரைக் கடைசியில் எழுது” என்றார் சிஞ்ஞோர் குவீதோ. “உண்மையான பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் அதைத்தான் வெட்ட வேண்டும்.”

“நம் அப்பாவின் பெயர் பொய்யா?” என்று சமையலறையிலிருந்து எல்வீரா கேட்டார். ஊசி ஒன்றைப் பிடுங்கி வேறிடத்தில் குத்தும் சத்தம் மட்டும்.

அன்று அவருக்கு முழங்கால் வீங்கிப்போய்விட்டது. கடைசியாக ஒருமுறை P கட்டைப் பார்த்து வரும்படி என்னைத் தனியாக அனுப்பினார். அப்படித்தான் நான் அந்த மேசையின் முன்னால் நின்றேன்.

மீன்முள்

அவள் கட்டைக் கொண்டுவந்து பஞ்சுத் தலையணையில் வைத்து நாடாவை அவிழ்த்தாள். முதல் பக்கத்தில் பெரிய B. குழந்தையின் வயிறு போல உப்பிய B.

தப்பு நடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. கொண்டுவரச் சொன்னவன் போலவே உட்கார்ந்து புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் வெயிலில் பொன்தூள் போலத் தூசி எழுந்தது. பழைய கையெழுத்தை என்னால் முழுதாய்ப் படிக்க முடியாது. எனக்குத் தெரிந்தது சில சொற்களின் முகம்தான். ரொசாலியா என்ற முகம். பல்லரோ என்ற முகம். குல்யேல்மோ என்ற முகம்.

ஒரு பக்கத்தில் மூன்று முகங்களும் சேர்ந்து நின்றன.

கீழே ஒரு கையொப்பம். மற்றவர்களுடைய எழுத்தெல்லாம் உருண்டு திரண்டு, சாப்பிட்டுச் சாய்ந்தது போல இருக்க, அது மட்டும் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டு நின்றது. Bader. பாதர்.

கைபேசியில் படமெடுத்து அனுப்பினேன். தப்பான கட்டு என்று ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். ஏச்சு வரவில்லை. அழைப்பு வந்தது.

“எங்கே எடுத்தாய்?”

“மன்னிக்க வேண்டும் சிஞ்ஞோர் குவீதோ. வாய் தவறிப் பொலோஞா என்று...”

“பொலோஞா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், ஒரு ஆளைக் கூப்பிடுவது போல, “பொலோஞா.”

எல்லா ஊரிலும் ஒருவர்

அன்று பின்னேரம் மூன்றாம் மாடியில் காப்பி கொதித்தது. சிஞ்ஞோர் குவீதோ கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். தகப்பன் கையொப்பமிட்டிருக்கிறார். தொழில்: சவரக்காரர். ஊர் என்ற இடத்தில் எழுதுகிறவர் களைத்துப்போயிருக்க வேண்டும். ‘ஜெர்மனி’ என்று முடித்துவிட்டார்.

“ஒரு தேசத்தையே ஊராக எழுதிவிட்டான்” என்றார் சிஞ்ஞோர் குவீதோ.

எனக்கு அது புதிதில்லை. என் permesso என்கிற வதிவிட அனுமதி அட்டையிலும் பிறந்த இடம் ‘ஸ்ரீ லங்கா’தான். எனக்கும் ஓர் ஊர் இருந்தது என்பது அந்த அட்டைக்குத் தெரியாது.

பாதர் என்றால் என்ன என்று தேடினார். பழைய ஜெர்மன் ஊர்களில் குளிப்பறை நடத்தியவர். சவரம் செய்வார், பல் பிடுங்குவார், இரத்தம் எடுப்பார். அந்தத் தொழிலே பெயராகிப்போனது. ஜெர்மனியின் தெற்கே சில பக்கங்களில் Bயும் Pயும் ஒன்றாகத்தான் ஒலிக்குமாம். அந்தச் சவரக்காரர் சொன்னதை இங்கே இருந்தவர்கள் P என்று கேட்டிருக்கிறார்கள். ஒருநாள் ஒரு எழுத்தர் B என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

எல்வீரா காப்பிக் கோப்பையைத் தட்டில் இடித்து வைத்தார். சீட்டாடப் போகிற இடத்தில் எல்லாம் அவர் தன் மூதாதையை வாள் தரித்த அதிகாரி என்று சொல்லி வைத்திருந்தார்.

“சவரக்காரனா?”

“சவரக்கத்தியும் வாள்தான், எல்வீரா. கொஞ்சம் சின்னது.”

“சிரிக்காதே, குவீதோ. இதைப் பலகையில் வெட்டினால் நான் வாசலால் போய்வர மாட்டேன்.”

“பின்வாசல் இருக்கிறது. வெலானிடம் திறப்பு இருக்கிறது.”

அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, படத்தின் முன்னால் போய் நின்றார். கையில் ஒரு குண்டூசி.

“எல்லா ஊரிலும் ஒரு குளிப்பறை இருந்திருக்கும், இல்லையா?” என்றார் படத்தைப் பார்த்தபடி.

ஊசி முனையைக் கட்டைவிரலில் அழுத்திப் பார்த்தார்.

“எல்லா ஊரிலும் ஒரு பாதர்.”

ஊசியைக் குத்த இடமில்லாமல் அவர் கை நதிகளின் மேலே அலைந்தது. வடக்கே போனது, கிழக்கே வந்தது. ஒரு தும்பி உட்கார இடம் பார்ப்பது போல இருந்தது. பெயர் கிடைத்துவிட்டது. ஊர் போய்விட்டது. அந்தக் குழாய்த் தண்ணீர் இப்போது எல்லாச் சதுக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. எதிலும் வாய் வைக்க முடியாது.

கடைசியில் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

ஆயுதம்

“உன்னுடைய ஆட்கள் என்ன செய்தார்கள், வெலான்?” என்று கேட்டார் உட்கார்ந்தபடி.

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. கேட்பவன் எங்கே உட்காரச் சொல்வது, எந்தக் கோப்பையில் தேநீர் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்பான். இவ்வளவு காலத்தில் பலெர்மோவில் இன்னொரு தமிழன் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறான். நானும் சுற்றி வளைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். இந்த மனிதருக்கோ அந்தக் கேள்விக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

“அப்பாவின் அப்பா பனை ஏறியவர். கள் இறக்க.”

“உயரமான மரமா?”

“நல்ல உயரம்.”

“அப்படியென்றால் அவருக்குக் கடல் தெரிந்திருக்கும்” என்றார்.

தாத்தாவைப் பற்றி இப்படி ஒரு வசனத்தை யாரும் சொன்னதில்லை. நானும் எழுதியதில்லை. பிறகு எப்படியோ, கேட்காத மீதியையும் சொல்லிவிட்டேன்.

அப்பா பிறந்தபோது தாத்தா பெயர் பதியப் போனார். வைக்க நினைத்த பெயர் வேலாயுதம். நீளமான பெயரெல்லாம் வேறு ஆட்களுக்கு என்று இருந்த காலம் அது. எங்களுக்கு ‘ன்’ போட்டு வெட்டி முடிக்கிற குட்டைப் பெயர். பெயரின் நீளத்தை வைத்தே ஆளை அளந்துவிடுவார்கள். பதிவுகாரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

“உனக்கு வேலன் காணும். ஆயுதம் என்னத்துக்கு?”

அப்படியே எழுதினார். வீட்டில் வேலாயுதம், தாளில் வேலன். அப்பா இரண்டுக்கும் திரும்பிப் பார்த்து வாழ்ந்தார். பின்னாட்களில் சண்டை வந்து, சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்ட வேண்டி வந்தபோது, வரிசையில் நின்றபடி என் காதுக்குள் சொல்வார்: “பயப்பிடாதை. எங்கட ஆயுதத்தை அந்தாள் எப்பவோ பறிச்சுப்போட்டுது.” எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்க முடியாத இடத்தில் வரும்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். இங்கே வந்து இறங்கியபோது குவெஸ்தூரா என்கிற போலீஸ் அலுவலகத்தில் அதைக் குடும்பப் பெயராகப் பதிந்தார்கள். அன்றிலிருந்து எல்லோரும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். வெலான், லிஃப்ட் நின்றுவிட்டது. வெலான், மூன்றாம் படியில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. துடைத்தது நான். கூப்பிடப்பட்டது அப்பா. அதிலும் பாதி அப்பா.

அப்பா இறந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் நடந்தது. சாந்தி அவரைப் படத்தில் மட்டும் கண்டவள்.

சொல்லி முடித்தபோது ஜன்னலுக்கு வெளியே மரங்களில் குருவிகள் சந்தை போட்டுக்கொண்டிருந்தன. எல்வீரா எப்போது நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

சிஞ்ஞோர் குவீதோ வெகுநேரம் கைபேசியிலிருந்த மீன்முள் கையொப்பத்தையே பார்த்தார்.

“அவர் பாதர் என்று சொன்னார். இந்த ஊர் பாதரி என்று கேட்டது” என்றார். “நான் இந்த ஊரின் காதில் பிறந்தவன். என் மணியில் பழையபடி P போடு.”

எல்வீரா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“ஆனால் உன் கதை வேறு, வெலான். எங்களுடையது தப்பாகக் கேட்டது. உன்னுடையதை அந்த ஆள் சரியாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு எழுதவில்லை.”

நான் காப்பிக் கோப்பைகளை எடுத்தேன். எழுந்து போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

“உன் மணிக்கு என்ன எழுதியிருக்கிறாய்?” என்று முதுகுக்குப் பின்னால் கேட்டார்.

“வாசல் காப்பவர் என்று. எப்போதும் அப்படித்தான்.”

“அது வேலை. நான் கேட்டது பெயர்.”

திறப்புக் கடை

வியா மக்வேதாவிலிருந்து பிரியும் சந்தில் பூட்டுக்குத் திறப்பு வெட்டும் கடை ஒன்று. பெயர்ப்பலகையும் வெட்டுவார்கள். நடத்துபவர் வங்காளதேசத்துக்காரர். எங்கள் இருவருக்கும் நடுவில் இத்தாலிய மொழி மட்டும்தான், அதுவும் கொஞ்சம் நொண்டி.

வழி முழுக்க எனக்குள் ஒரே வாக்குவாதம். இது வெறும் மணி. பதிவுகாரர் எழுதாததை இது எழுதிவிடாது. அட்டைகளில் வேலன் வேலனாகவே இருப்பான். ஆனால் மணிப் பலகைக்கு மட்டும்தான் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை என்பதும் அந்தச் சந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்காரர்கள் பெயரெல்லாம் சொல்லி முடித்தேன். பாதரிக்குப் பலெர்மோவின் P என்று அழுத்திச் சொன்னேன். அவர் இரண்டுமுறை தலையாட்டினார். கடைசி மணிக்கு வந்தோம். கடையின் இயந்திரம் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. இரும்புத்தூள் மணம்.

“வெனேட்சியா” என்றேன்.

வெட்டினார்.

“எம்போலி. லிவோர்னோ. அங்கோனா.”

அடுத்து நாப்போலி வரும் என்று வாய்க்குப் பழக்கம். நாக்கு அந்தப் பக்கம் ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன். அங்கோனாவிலிருந்து வேறு பக்கம் நான் போனதேயில்லை. அடுத்த எழுத்து Y. அதற்கு இத்தாலியில் ஊரே கிடையாது.

“அடுத்தது?”

“Y.”

“எந்த ஊர்?”

“ஊர் இல்லை.”

யோசித்தார். “யார்க் என்று சொல்வார்கள்.”

“அது இங்கிலாந்து.”

“பரவாயில்லை. நீங்களும் நானும் எந்த ஊர்?” என்று சொல்லிக்கொண்டே வெட்டினார்.

“ஊதினே. தொரீனோ. ஹோட்டல்.” Hக்கும் ஊர் இல்லை; தங்கிப் போக ஒரு ஹோட்டல்தான் கொடுத்திருக்கிறார்கள். “பிறகு...”

அவர் கையை உயர்த்தினார். “இடம் முடியப் போகிறது, அண்ணா. நீளம் கூடிவிட்டது. சுருக்கிப் போடட்டுமா? எல்லோரும் சுருக்குகிறார்கள். வெளியே என் பலகையைப் பாருங்கள், என் பெயரே பாதிதான் இருக்கிறது.”

கெட்டவர் இல்லை. இடத்தை மட்டும் பார்த்துச் சொன்னார். பதிவுகாரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ஆனாலும் என் காதில் விழுந்தது ஒரே கேள்விதான். அதற்குத் தாத்தா பதில் சொல்ல முடியாமல் வீடு திரும்பியிருக்கிறார்.

“சுருக்க வேண்டாம்.”

“எழுத்து சின்னதாகிவிடும். கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும்.”

“கிட்ட வரட்டும்” என்றேன்.

அவர் வெட்டியதைத் தூக்கி ஒரு பக்கம் போட்டார். புதுத் துண்டு ஒன்றை எடுத்து, எழுத்தளவைக் குறைத்து, முதலிலிருந்து தொடங்கினார். நான் மறுபடியும் ஊர் ஊராகச் சொன்னேன். வெனேட்சியா, எம்போலி, லிவோர்னோ, அங்கோனா. கடலைத் தாண்டி யார்க். திரும்பி ஊதினே, தொரீனோ, ஹோட்டல், மறுபடியும் அங்கோனா. கடைசியாக மிலானோ.

மணி

பலகை பொருத்திய நாளில் எல்வீராதான் முதலில் கீழே வந்து தன் பெயரைச் சரிபார்த்தார். P உறுதியாக நிற்பதைப் பார்த்துக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, கடைசி மணியை எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். Yயில் தடுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி தொடங்கினார். மூன்றாம் மாடி பால்கனியில் சிஞ்ஞோர் குவீதோ. காலரில் அந்த ஊசி வெயிலுக்கு மின்னியதாக எனக்குத் தோன்றியது. அவ்வளவு உயரத்திலிருந்து மின்னியிருக்காது.

சாந்திக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலையில் அவள் வேலைக்குப் போனபோது பழைய பலகைதான் இருந்தது.

மத்தியானம் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எங்கள் மணி. அதை யாரும் அடிப்பதில்லை. வாசல் காப்பவன் எப்போதும் வாசலில்தான் இருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு வாசலோடு பேசும் குழலை எடுத்தேன்.

“ஆர்?”

தெருவின் இரைச்சல். ஸ்கூட்டர் ஒன்று போனது. பல்லரோவிலிருந்து வாங்கிவந்த பைகள் நிலத்தில் வைக்கப்படும் சத்தம். முருங்கைக்காய் கல்லில் படும்போது அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. பிறகு மூச்சு, மிகக் கிட்டத்தில், யாரோ பலகைக்கு முகத்தைக் கொண்டுவந்து படிக்கிற மாதிரி.

“ஆர் அது?” என்றேன் மறுபடியும்.

“வேலாயுதத்தின்ர மருமகள்” என்றாள் சாந்தி. “கதவைத் திறவுங்கோ.”